டிரைவர் பக்கத்து மேட்

நீங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை முதல் எங்கள் வாட்டர் வாஷ் ஷெட்டுக்கு வேலைக்கு வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரமே நான் நின்றுவிடுகிறேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கிறது. டீசல் வாசனை ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கழுவுவது, துடைப்பது, சீட்டுக்கு அடியில் குழாய் விட்டு மண் உறிஞ்சுவது எல்லாம் இரண்டு நாளில் உங்களுக்குக் கைவந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. ஷெட்டில் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

காரில் கால் வைக்கிற ரப்பர் மேட் வெளுப்பது அழுக்கால் அல்ல. வெயிலால். மலைக்கு வருகிறவர்கள் அருவிப் பக்கமும் படகுத்துறையிலும் நாள் முழுக்க வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். சில வருடங்களில் கறுப்பு ரப்பர் சாம்பல் பூத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தச் சாம்பல் போகாது. இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தெரியும். திருவண்ணாமலையில் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேதியியல் படித்தவள் நான். தெரிந்ததைச் சொல்லத்தான் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து கார் ஒன்று வந்தது. மேட்டுகளை மூன்று தடவை கழுவினேன். வெள்ளைச் சட்டை போட்ட அந்தக் காரின் சொந்தக்காரர் குனிந்து மேட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் சாம்பலாக இருந்தது. அதை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இது இன்னாம்மா? கழுவுனியா, வெறும் தண்ணி காட்டுனியா?" என்றார். அது அழுக்கு இல்லை, ரப்பரே வெளுத்துவிட்டது என்று நான் வாய் திறப்பதற்குள் எங்கள் முதலாளி ஓடிவந்து அவர் முன்னால் என்னைத் திட்டினார். திட்டியதோடு உள்ளே போய் ஒரு கேனைக் கொண்டுவந்தார்.

அதற்கு நாங்கள் வைத்த பெயர் மை. புங்க எண்ணெய், டீசல், கரிப்பொடி மூன்றும் கலந்தது. துணியில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கிழட்டு மேட் கடையில் தொங்குகிற புது மேட் மாதிரி மினுங்கும். அந்த ஆள் சிரித்துவிட்டார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, இதுதான் வேலை என்பது போல.

அன்று மாலை நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். "அண்ணா, இது வழுக்காதா?"

"படிச்சவங்கள வேலைக்கு வச்சா இதான் ரோதன. கார்ல வர்றவன் மேட்டு மேல நடந்தா போறான்? குந்திக்கினுதான போறான்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எண்ணெய் பட்ட ரப்பரில் ஈரக்கால் நிற்காது என்று புத்தகம் படிக்காதவருக்குக்கூடத் தெரியும். அந்தக் கார்கள் இங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் ஊருக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தும் சிரித்தேன். என் மகள் பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வேலை கிடையாது. காரணங்கள் இவைதான். சரியான காரணங்களா என்று இன்றும் தெரியவில்லை.

இரண்டு வருடம் மை போட்டேன். எத்தனை மேட்டுக்குப் போட்டேன் என்று எண்ணவில்லை. அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நல்லபடியாகப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இனி ஜீப்பின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கிராமத்திலிருந்து, ஷெட் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு ஷேர் ஜீப்தான். ஓட்டுகிறவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை, என் கணவர் கூப்பிடுவதால் நானும் கூப்பிட்டேன். நான் காலையில் முதல் நடையில் வேலைக்கு வந்துவிடுவேன். பாப்பா இரண்டாவது நடையில், பக்கத்து வீட்டு செல்வி அக்காவோடு நர்சரிப் பள்ளிக்கு வருவாள். மாமா அவளை எப்போதும் முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். பின்னால் புளி மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் அவள் நசுங்கக் கூடாது என்று. அதற்காக அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருந்தேன்.

இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார்கள். வண்டி சாமி என்பார்கள். மாமாவும் அப்படித்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷெட்டில் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள். ரோடு வரைக்கும் வண்டி நிற்கும். மாமா சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது திரும்பி வந்து, "மேட்டுல மட்டும் கை வெக்காதம்மா. அது என் காலுக்குப் பழகுன மேட்டு," என்றார்.

சரி மாமா என்றேன். பிறகு யோசித்தேன். இவர் எனக்கு வேலை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார். ஜீப் முழுக்க மினுங்குகிறது, காலடியில் மட்டும் சாம்பல் பூத்த ஒரு துண்டு. என் மகளைப் பத்திரமாகக் கூட்டிவருகிறவருக்கு என் கையால் வேறு என்ன செய்துவிட முடியும்? மையை எடுத்துப் போட்டேன். மேல்பக்கம் போட்ட பிறகு புரட்டினால் அடிப்பக்கம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. அரைகுறையாக விட எனக்கு மனம் வராது. அடிப்பக்கமும் போட்டேன். அடியில் போடச் சொல்லி முதலாளிகூடச் சொன்னதில்லை. அது நானாகச் செய்தது.

கழுவிய வண்டியில் மேட் மேல் செய்தித்தாள் விரித்துக் கொடுப்பது நம் ஷெட் வழக்கம். விரித்தேன். மாமா வந்தார், சாவியை வாங்கினார், கூட்டத்தில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தாளை எடுக்கும்போது பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பூஜை, மறுநாள் விஜயதசமி, இரண்டு நாளும் ஜீப் மாலையோடு அவர் வாசலிலேயே நின்றது.

மூன்றாம் நாள் சந்தை. பள்ளியும் அன்றுதான் திறந்தது. தூறல். முதல் நடையில் நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நடையில் ஓடைக்கு முந்தின இறக்கத்து வளைவில் எதிரே லாரி. மாமா பிரேக்கை மிதித்தார். மிதித்த கட்டை பாதியில் நின்றுவிட்டது. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மண் சரிவும் உண்ணிச்செடிப் புதரும். ஜீப்பை வலது பக்கம் திருப்பி லாரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ச்சிப் புதரில் செருகினார். இதைச் செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒரு தும்மல் நேரம். திருப்பும்போதே இடது கையால் பாப்பாவை சீட்டோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கிறார். வண்டியில் பதினோரு பேர். செல்வி அக்காவுக்குக் கை முறிந்தது. மாமாவுக்கு முழங்காலில் அடி. பாப்பாவுக்குத் தாடையில் இரண்டு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

தகவல் வந்ததும் யாரோ ஒருவரின் பைக்கில் போய் இறங்கினேன். பாப்பா அழுது ஓய்ந்து செல்வி அக்கா மடியில் இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அவள் பையை எடுக்க ஜீப்பின் முன் பக்கம் போனேன். ஈரத்தில் தாள் கிழிந்து கூழாகிக் கிடந்தது. மேட் முன்னால் வழுக்கிப் போய் மடிந்து பிரேக் கட்டைக்குக் கீழே ஆப்பு மாதிரி மாட்டியிருந்தது. தொட்டேன். விரல் கறுப்பாகிவிட்டது.

அதை உருவி எடுத்தேன். சுருட்டினேன். பாப்பாவின் பையோடு சேர்த்து அக்குளில் வைத்துக்கொண்டேன். அங்கே நின்ற யாரும் கவனிக்கவில்லை. ஒரு தாய் பிள்ளையின் பொருட்களை எடுத்துப்போகிறாள், அவ்வளவுதான். நான் யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா? மூன்று வருடமாக இதே கேள்வி. எதுவானாலும் செய்தது என் கை.

மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தார். பிரேக் நன்றாக வேலை செய்தது. செய்யாமல் என்ன? தடையாக இருந்தது என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அல்லவா கிடந்தது.

அன்று சாயங்காலமே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூஜைக்கு ஊற்றியது இன்னும் இறங்கவில்லை, வேறென்ன. பிரேக் பாதியில் நின்றது என்று மாமா சொன்னதைக் கேட்டு, "பிரேக்கும் ரெண்டு ரவுண்டு போட்டுச்சா?" என்று சிரித்தார்கள். இருபது வருடம் அந்தக் காலை நம்பி ஏறியவர்கள். அவர் குடிப்பதை யாரும் பார்த்ததில்லை. பதினோரு பேரைப் பள்ளத்துக்குப் போகாமல் காப்பாற்றியதை யாரும் பேசவில்லை. அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அதைவிட, அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை நினைத்தால்தான் அதிகம் சுடுகிறது.

முதலாளியிடம் சொன்னேன். முதலில் அவர் முகம் வெளுத்தது. பிறகு தெளிந்துவிட்டார். "மை என்னுது. அவன் வேணான்னு சொன்ன மேட்டுக்குப் போட்டது யாரு? அடியில போட்டது யாரு? யோசிச்சிப் பேசு. பாப்பாவுக்கு ஒன்னும் ஆவல இல்ல, வுடு," என்றார். கட்டிலுக்கு அடியில் மேட்டைப் பார்த்துவிட்ட என் கணவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அவர் பயந்து சொன்னார். முதலாளி பயப்படாமல் சொன்னார். எனக்கு இரண்டும் வசதியாக இருந்தது.

வளைந்த பம்பரை முடிந்த அளவு நிமிர்த்தி, விபத்து நடந்த மூன்றாம் நாள் காலை மாமா ஜீப்பை வழக்கமான இடத்தில் நிறுத்தியிருந்தார். ஒருவரும் ஏறவில்லை. அடுத்த ஊரிலிருந்து வரவழைத்த வேறொரு ஜீப் பக்கத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. அன்று நானே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த வண்டியில் ஏற்றினேன் தெரியுமா? அந்த வேறு ஜீப்பில். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ஏற்றினேன். அவருடைய காலி ஜீப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து, "பாப்பா, தாடை இன்னும் வலிக்குதா?" என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் அவளைத் தூக்கி அடுத்த ஜீப்பில் வைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு என் மேல் வந்த வெறுப்பை எழுதத் தெரியவில்லை.

மாலை ரேஷன் கடை முன்னால் ஊர்க்கூட்டம். இனி பிள்ளைகளை அந்த ஜீப்பில் அனுப்புவதில்லை என்று முடிவு செய்யத்தான் கூடினார்கள். அப்படி முடிவானால் அவர் ஜீப்பை விற்றுவிட்டு லாரிக்கு மரம் ஏற்றுகிற கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். செல்வி அக்காவின் கணவர்தான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். மனைவியின் கை மாவுக்கட்டில், சாமை அறுப்பு பாதியில் நிற்கிறது, அவர் கோபத்தில் தப்பில்லை. மாமா ஓரமாக, அடிபட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் வீட்டுக்குப் போய் மேட்டை எடுத்துவந்தேன். கடை முன்னால் சிமெண்ட் தரையில் விரித்தேன். குடத்திலிருந்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினேன். பெண்பிள்ளை நடுவில் வந்து என்ன செய்கிறது என்று எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். செல்வி அக்காவின் கணவரிடம் சொன்னேன்.

"அண்ணா, செருப்பைக் கழட்டிட்டு இது மேல ஏறி, பிரேக் மிதிக்கிற மாதிரி ஒரு மிதி மிதிங்க."

"இன்னா வெளையாட்டா இது?"

"மிதிங்கண்ணா."

மிதித்தார். மேட் அவரோடு சேர்ந்து ஒரு முழம் ஓடியது. பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடிக்காவிட்டால் மல்லாந்திருப்பார். பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"அவரு குடிக்கல. இது பிரேக்குக்கு அடியில போயி மாட்டிக்கிச்சி. இதுக்கு மை போட்டது நானு. மேட்டுல கை வெக்காதன்னு சொன்னாரு, கேக்காம போட்டேன். உருவி எடுத்துக்குனு போயி ஒளிச்சி வச்சதும் நான்தான்," என்றேன். ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை.

செல்வி அக்கா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "உன் புள்ளையும் அதுலதானடி இருந்திச்சி," என்றாள். அவள் என்னோடு மறுபடி பேச ஒரு வருடம் ஆனது.

மாமா எழுந்து நொண்டிக்கொண்டே வந்தார். மேட்டை எடுத்துத் தண்ணீரை உதறினார். மன்னிப்பார் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஏனென்றால் அவர் சொன்னது அப்படி வலித்தது.

"மை போட்டது தெரியாம பண்ண. சரி. இந்த மூணு நாளு ஏம்மா?"

மேட்டோடு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஷெட்டில் முதலாளி கத்தித் தீர்த்தார். பாதி வாடிக்கை ஜீப்காரர்கள், என்னை நிறுத்தினால் அவர்கள் காரணம் கேட்பார்கள் என்பதால் நிறுத்தவில்லை. "இனிமே கஸ்டமருக்குப் பதில் நீயே சொல்லிக்கோ," என்று விட்டுவிட்டார். மூன்று வருடமாக நான்தான் சொல்கிறேன். டிரைவர் பக்கம் தவிர மற்ற மேட்டுகளுக்கு, தண்ணீரில் கரைகிற, தொட்டால் கையில் ஒட்டாத பாலிஷ் போடுவேன். காய்ந்ததும் நனைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி நானே ஏறி நின்று பார்ப்பேன். வழுக்கினால் திரும்பக் கழுவுவேன். டிரைவர் பக்கத்து மேட்டுக்கு வெறும் சோப்பும் தண்ணீரும்தான். நன்றாக உலர்த்தி, அடியில் நகராமல் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். தாள் விரிப்பதில்லை. காலடியில் இருப்பது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சண்டை போடுவார்கள். போன மாதம்கூட ஒரு அம்மா, மூன்று மேட் கறுப்பாக இருக்கும்போது முன்னால் ஒன்று மட்டும் கிழவன் தலை மாதிரி நரைத்துக் கிடக்கிறதே என்று கேட்டார். "அது நரைச்சிக் கெடந்தாத்தாங்க நம்ம தலையும் நரைக்கும்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் சிரிப்புக்காகச் சொல்லத் தோன்றவில்லை. முதலாளி உங்களைப் படிச்சவங்க என்று கிண்டல் செய்வார். என்னைப் போல் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது கேட்டதாகாது. நன்றிக்காக, பாசத்துக்காக, கூடுதலாக ஒரு வேலை செய்யத் தோன்றினால் வண்டிக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். மூன்றாம் நாள் சொன்ன உண்மைக்கு என்ன மரியாதை என்று நான் பார்த்துவிட்டேன்.

அந்த மை கேன் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது, கம்ப்ரசருக்குப் பின்னால், சாக்கு மூடி. நான் இரண்டு தடவை கொட்டினேன். இரண்டு தடவையும் நிரம்பிவிட்டது. நான் போன பிறகு அது முன்னால் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முன்பக்கம் பம்பரில் இன்னும் வளைவு தெரிகிற ஒரு பழைய ஜீப் வரும். எங்கள் ஊர்க்காரர்கள் இப்போதும் அதில்தான் ஏறுகிறார்கள், பாப்பாவும் முன் சீட்டில்தான் வருகிறாள். ஓட்டிவருகிறவர் சாவியை உங்களிடம் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் குனிந்து தன் காலடி மேட்டை எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொள்வார். எதிரே டீக்கடைக்குப் போய், வண்டி கழுவி முடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று வருடமாக என் கண் முன்னால் அப்படித்தான் செய்கிறார். பேசுவார், பாப்பாவைப் பற்றி விசாரிப்பார், மேட்டை மட்டும் கொடுக்கமாட்டார்.

சிரிக்காதீர்கள். கேட்கவும் வேண்டாம். வண்டியைக் கழுவிக் கொடுங்கள்.